மாமா சம்மதித்த சாவு

காலை ஒன்பதரை மணி. பவானிபூரில் நாங்கள் குடியிருந்த சந்தில் அந்த நேரத்தை அறியக் கடிகாரம் தேவைப்பட்டதில்லை. அப்பா அல்பாகா கோட்டை மாட்டிக்கொண்டு, ஜோடுகளில் காலை நுழைத்து, வாசற்படியில் தட்டினால் ஒன்பதரை. அலிப்பூரில் சர்க்கார் ஆபீஸ், நடந்தே போவார். ஜுரத்தோடு போயிருக்கிறார். மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் ஜோடுகளைக் கையில் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். 1905-ல் வெள்ளைக்காரன் வங்காளத்தை இரண்டாகப் பிரித்த அன்று, சரியாக ஒன்பதரை மணிக்கு, அதே அப்பா மாட்டிய கோட்டைக் கழற்றி ஆணியில் தொங்கவிட்டார். ஜோடுகளைக் காலாலேயே கட்டிலுக்கு அடியில் தள்ளினார். எங்கள் வீட்டில் எல்லாம் கோணலாகத் தொடங்கியது அந்த நிமிஷத்தில். எனக்கு அப்போது எட்டு வயது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. முந்தாநாள் என் பெரிய பிள்ளை பாலிகஞ்சில் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு, ஒற்றைச் செருப்போடு, உதடு கிழிந்து வீடு வந்து சேர்ந்தான். காலேஜில் படிக்கிற பிள்ளை. மஞ்சளும் பஞ்சுமாக நான் நிற்கிறேன். அவன் கண்கள் மட்டும் ஜொலித்துக்கொண்டிருந்தன. "அந்தப் பேச்சை நீ கேட்டிருக்கணும்மா" என்றான். கேட்டிருக்கிறேன், அப்பனே. இதே ஊரில், நீ பிறப்பதற்கு வெகு முன்னால், இதைவிட நல்ல பேச்சாகவே கேட்டிருக்கிறேன்.  அதையும் எழுதிவிடுகிறேன். பேச்சைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர்களுக்கு என்ன ஆயிற்று என்று எந்த மேடையிலும் சொல்வதில்லை.

அந்தக் காலத்தில் எங்களோடு என் மாமா இருந்தார். அம்மாவின் ஒரே தம்பி. கும்பகோணத்தில் எப்.ஏ. பரீட்சையில் தவறிவிட்டு, உத்தியோகம் தேடி எங்களிடம் வந்து ஒரு வருஷமாகியிருந்தது. அவர் குரல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, முகந்தான் கலங்கிவிட்டது. அப்பா தம் ஆபீஸிலேயே அவருக்கு ஒரு குமாஸ்தா இடம் கேட்டு வைத்திருந்தார். அங்கே துரைக்கு அடுத்தபடி பெரிய பாபு; தலைமைக் குமாஸ்தாவை எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். வங்காளி, நல்ல மனுஷர். அவர் வீட்டுக்கு மாமாவை அழைத்துப்போய் நமஸ்காரம் செய்யவைத்ததில், "காளி பூஜை கழியட்டும், பையனை உட்காரவைத்துவிடலாம்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கை நம்பி ஊரில் மாமாவுக்குப் பெண்ணும் நிச்சயம் செய்தாகிவிட்டது.

மாமாவுக்கு ஒரு வியாதி உண்டு: பிரசங்கம். எங்கே கூட்டம் என்றாலும் போய்விடுவார். விஷயம் குடியா, குலமா, கோயில் சொத்தா என்பது அவருக்கு ஒரு பொருட்டில்லை. கல்யாணத்துக்குப் போன சமையற்காரன் அடுத்தவன் சாம்பாரை நாக்கில் வைத்துப் பார்க்கிற மாதிரி, பேசுகிறவன் எதை எப்போது போடுகிறான் என்று பார்த்துக்கொண்டு நிற்பார். திரும்பி வந்து முற்றத்துக் குழாயடியில் அதே மாதிரி பேசிக் காட்டுவார். "இந்த வாயை வெச்சுண்டு பரீட்சையில என்னடா பண்ணினே?" என்பாள் அம்மா.

வங்காளம் பிரிவதற்கு முதல் நாள் சாயங்காலம் எங்கள் பேட்டை மைதானத்தில் கூட்டம். பேசியவர் அந்தப் பக்கத்து வக்கீல், ஜனங்களிடம் செல்வாக்குள்ள தலைவர். மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அம்மாவிடம் சொன்னது, குழந்தைக்குச் சந்தேஷ் மிட்டாய் வாங்கித் தருகிறேன் என்று. சந்தேஷ் என் கைக்கு வந்து சேரவே இல்லை என்பதையும் இந்த இடத்தில் பதிவு செய்துவிடுகிறேன்.

தலைவர் மேடைக்கு வந்தார். பேசவில்லை. கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தபடி நின்றார். முன்வரிசையில் யாரோ விசும்பினார்கள்.

"பாத்தியா? இன்னும் வாயே தெறக்கலை, அழறான்" என்று மாமா கீழேயிருந்து என்னிடம் சொன்னார். "இதுதான் முதல் அடி."

பிறகு தலைவர் தம் வீட்டைப் பற்றிப் பேசினார். ஆற்றுக்கு அந்தப் புறம், இனி வேறு மாகாணமாகப் போகிற மண்ணில், தம் தாயைத் தகனம் செய்த கரை இருக்கிறது என்றார். "நானும் உங்கள்ல ஒருத்தன்னு காட்டறார். இதை முன்னாடியே செஞ்சுடணும். இல்லேன்னா பின்னாடி சொல்றதை எவனும் நம்ப மாட்டான்." அதற்கப்புறம் வரி, ரயில், நிலத் தீர்வை, ஜனத்தொகை என்று கணக்குகள் வந்தன. கூட்டம் நெளிந்தது. "இது பத்திரிகைக்காரனுக்கு. கொஞ்சம் பொறு, கொழந்தே, அடுத்தது பலமா வரும்."

அந்தக் கணக்கு நடந்துகொண்டிருக்கும்போதுதான் அப்பா வந்து சேர்ந்தார். கூட்டம், கொடி, கோஷம் எதுவும் அவருக்குப் பிடிக்காது. எங்களைத் தேடிக்கொண்டு, ஆபீஸ் கோட்டைக்கூடக் கழற்றாமல், கோபத்தோடு வந்திருந்தார். மாமாவின் தோளிலிருந்து என்னை இறக்கி, மணிக்கட்டைப் பிடித்து இரண்டடி நடந்தவர், நின்றுவிட்டார்.

"கணக்குத் தப்பு" என்றார்.

தலைவர் சொன்ன ஏதோ ஒரு கூட்டல் அவருக்கு ஒத்துவரவில்லை. அதைச் சரிபார்க்க அடுத்த வரியைக் கேட்டார். அடுத்த வரி சரியாக இருக்கிறதா என்று பார்க்க அதற்கடுத்ததைக் கேட்டார். இப்படித்தான் என் தகப்பனார், வாழ்நாளில் ஒரு பிரசங்கமும் கேட்டிராத மனுஷர், ஒரு கூட்டல் பிழைக்காக அங்கே நின்றார். நினைத்தால் எனக்கு இன்றும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. தலைவர் சரியாகக் கூட்டியிருந்தால் நாங்கள் வீட்டுக்குப் போயிருப்போம்.

கணக்கு முடிந்தது. தலைவர் குரலைத் தாழ்த்தினார். நாளை வீடுகளில் அடுப்பு மூட்ட வேண்டாம், குழந்தைகளும் நோயாளிகளும் தவிர யாரும் சமைத்த சோறு உண்ண வேண்டாம், வெறுங்காலோடு கங்கைக்குப் போய்க் குளியுங்கள், ஒருவர் கையில் ஒருவர் மஞ்சள் நூல் கட்டுங்கள் என்றார். பிறகு, "ஆபீஸ் வேலை பார்க்கும் என் சகோதரர்களே" என்று ஆரம்பித்தார். "நாளை பத்து மணிக்கு உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்களா? உட்காருங்கள். நான் தடுக்கவில்லை. ஆனால் இன்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குழந்தை ஒருநாள் வளரும். அந்த நாளில் நீ எங்கே இருந்தாய் என்று கேட்கும். அதற்கு என்ன சொல்லப் போகிறீர்கள் என்பதை மட்டும் இன்றிரவு யோசித்து வையுங்கள்."

"வந்துடுத்து! கொழந்தை!" மாமாவுக்குத் தாங்கவில்லை, என் முதுகில் தட்டினார். "வாதம் முடிஞ்ச எடத்துல கொழந்தையைக் கொண்டுவரணும். எப்படி வெச்சார் பாத்தேளா, அத்திம்பேர்?"

அப்பா என்னைப் பார்த்தார். என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடி தளர்ந்து, விரல்கள் என் உள்ளங்கைக்குள் வந்தன. சூட்சுமம் தெரிந்த மாமாவை அந்தப் பேச்சு ஒன்றும் செய்யவில்லை. சூட்சுமம் தெரியாத அப்பாவை அது அங்கேயே முடித்துவிட்டது. அந்தத் தலைவர் போலி என்று சொல்லவும் எனக்கு வழியில்லை. மறுநாள் அவரும் பட்டினி கிடந்தார், வெறுங்காலோடு நடந்தார். போலியாக இருந்திருந்தால் அப்பாவே கண்டுபிடித்திருப்பார்.

ஆனால் துரை ஒரு வாரம் முன்பே எச்சரித்திருந்தார். அன்றைக்குக் காரணமில்லாமல் வராதவர்கள் மறுநாளும் வர வேண்டாம் என்று.

மறுநாள் காலை முழுவதும் அப்பா கோட்டை மாட்டுவதும் யோசிப்பதுமாக இருந்தார். ஒன்பதரைக்கு நான் முதலில் சொன்னது நடந்தது. வெறுங்காலோடு காளிகாட் பக்கம் ஆதிகங்கைக்குக் குளிக்கக் கிளம்பிவிட்டார். அம்மா அணைந்த கரி அடுப்பின் முன்னால் உட்கார்ந்து பொரிந்து தள்ளினாள். "அவா ராஜ்யத்தை அவா பிரிச்சா என் அடுப்பு என்ன பாவம் பண்ணித்து? நல்ல நாளும் அதுவுமா இப்படி அடுப்பை அவிச்சுப் போட்டா வீடு வெளங்குமா?" எனக்கு மட்டும் அவலும் தயிரும் கிடைத்தது. மாமா தமக்குக் குழந்தைகளுக்குரிய சலுகை உண்டா என்று விசாரித்தார். அம்மா கரண்டியைப் பார்த்தாள்.

இங்கேதான் சந்துக் கோடி மாமி வருகிறாள். மன்னார்குடியிலிருந்து வந்து இரண்டு மாதந்தான் ஆகியிருந்தது. வங்காளி பாஷை ஒரு சொல் தெரியாது. அவள் புருஷன் பாங்கியில் வேலை. வீட்டில் வாய் திறக்காதவர். வங்காளம் பிரிகிற விஷயத்தை அவளிடம் யாரும் சொல்லவில்லை. சந்தில் அவள் வீட்டில் மட்டும் புகை எழுந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியே அவள் கண்டது இது: என் அப்பாவும் நாலைந்து பக்கத்து வீட்டு ஆண்களும் வெறுங்காலோடு, ஈர வேஷ்டி சொட்டச் சொட்ட, ஒருவரோடொருவர் பேசாமல் வருகிறார்கள். எங்கள் வீட்டில் புகை இல்லை. தமிழ் தேசத்தில் பிறந்தவளுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் சாதம் கொண்டுபோக வேண்டும். மாமி ரஸம் சாதம் பிசைந்து, பித்தளைத் தூக்கில் போட்டு எடுத்துக்கொண்டு, தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, வாசலிலேயே குரலெடுத்து அழுதபடி உள்ளே வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் ஒருத்தி கட்டிக்கொண்டு அழும்போது எதிரில் இருப்பவள் அழாமல் நிற்பது மரியாதையில்லை. அவளும் கொஞ்சம் அழுதுவைத்தாள்.

அந்த நேரம் பார்த்து அப்பாவின் ஆபீஸ் பியூன் வாசலில் வந்து நின்றான், பாபு ஏன் வரவில்லை என்று பார்த்துவர. அழுகைக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. முற்றத்தில் அப்பா ஈர வேஷ்டியோடு நிற்பதையும் அவன் பார்த்தான். தலைப்பாகையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அப்பாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டான்.

மாமி அழுது முடித்து மூக்கைச் சிந்திய பிறகுதான், "போனது யாரு மாமி?" என்று அம்மாவைக் கேட்டாள்.

அவளை அனுப்பிவைத்ததும் வீட்டில் ரகளை தொடங்கியது. அப்பா நேரே ஆபீஸுக்குப் போய் உண்மையைச் சொல்லப் போவதாகச் சொன்னார்.

"சொல்லுங்கோ. நன்னா சொல்லுங்கோ. அப்பறம் இந்தக் கொழந்தைக்கு அந்த வக்கீல் வந்து சாதம் போடுவார்" என்றாள் அம்மா.

"பொய் சொல்லச் சொல்றயா?"

"பொய்யை நாம எங்க சொன்னோம்? அது தானா நடந்து வந்து பியூன் தலையில ஏறிண்டு போயாச்சு. நீங்க அதை எறக்காம இருந்தாப் போறும்."

பொய்யை இறக்காமல் இருப்பதானால், செத்தது யார் என்பதற்குப் பதில் வேண்டும். மூவரும் உட்கார்ந்து ஆள் தேடினார்கள். அம்மா, அப்பாவின் பெரியப்பாவைச் சொன்னாள். "அவர் உசிரோட இருக்கறது உனக்கு என்ன பாரமா இருக்கு?" என்றார் அப்பா. பதிலுக்கு அப்பா, அம்மாவின் அத்தை ஒருத்தியைச் சொன்னார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள், சொன்னால் பலித்துவிடும். இருக்கிறவர்களை எல்லாம் ஒருவர் கொல்ல, மற்றவர் பிழைக்கவைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது மாமா எழுந்து நின்றார். கொஞ்ச நேரம் பேசாமலே நின்றார். "ஒரு வருஷமா இந்த வீட்டு உப்பைத் திங்கறவன் நான்" என்று ஆரம்பித்தார். அதற்குப் பிறகு நியாயத்துக்கு வந்தார். "பெரியப்பாவைக் கேக்காம பெரியப்பாவைச் சாகடிக்கறது பாவம். அத்தையைக் கேக்கணும்னா கும்பகோணம் போகணும். கையெட்டற தூரத்துல, கேட்டுச் சம்மதம் வாங்கிக்கற மாதிரி, இந்த வீட்டுல யார் இருக்கா? நான் இருக்கேன். என்னைக் கேளுங்கோ. எனக்குச் சம்மதம்." கடைசியாகக் குரலைத் தாழ்த்தி, என்னைக் கை காட்டினார். "அவளைப் பாருங்கோ, அத்திம்பேர். அவளுக்குச் சாதம் வேண்டாமா?"

அது நல்ல பிரசங்கம். நான் கேட்டதிலேயே நல்லது என்றுகூடச் சொல்வேன். கேட்டவர்கள் மூன்று பேர், அதில் ஒருத்தி அவலைத் தின்றுகொண்டிருந்தாள்.

"உன் உத்தியோகம்?" என்றார் அப்பா. "பெரிய பாபுவுக்கு உன்னைத் தெரியுமேடா."

"தெரிஞ்சாத்தானே நம்புவார்?" என்று மாமா சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா அவரை அடிக்கக் கையை ஓங்கி, அடிக்காமல், அந்தக் கையால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்பா, "வேண்டாம், யோசிப்போம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யோசிக்கிறேன் என்று சொல்கிறவர்கள் பாதி சம்மதித்துவிட்டவர்கள் என்பது என் பிள்ளைகளை வளர்த்ததில் நான் தெரிந்துகொண்டது. சாயங்காலம் வாசலில் ஆள் வரும் அரவம் கேட்டதும், மாமாவைக் கரி மூட்டை அடுக்கும் அறையில் தள்ளிக் கதவைச் சாத்தியது அப்பாதான்.

வந்தவர் பெரிய பாபு. அவரும் வெறுங்காலோடுதான் வந்திருந்தார். சட்டைக் கைக்குள்ளே மஞ்சள் நூல் தெரிந்தது. பாயில் உட்கார்ந்தார். தண்ணீர்கூட வேண்டாம் என்றார். அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு, "என் மைத்துனன்..." என்று ஆரம்பித்தார். 

பெரிய பாபு கையை உயர்த்தினார். "வேண்டாம், மொஷாய். உங்களுக்குப் பழக்கமில்லாத காரியம். கட்டிக்கொண்டு அழுத ஓர் அம்மாளைத் தவிர வீட்டில் யார் முகத்திலும் சாவுக் களை இல்லை என்று பியூன் என்னிடம் சொன்னான். அதை என்னோடு வைத்துக்கொண்டேன். நேற்று நானும் மைதானத்தில் இருந்தேன், உங்களுக்குப் பின்னால். இன்று என் வீட்டிலும் அடுப்பு மூட்டவில்லை. ஆனால் பத்து மணிக்கு நான் என் நாற்காலியில் இருந்தேன். எனக்கும் கையைப் பிடித்துக்கொள்ளக் குழந்தைகள் இருக்கிறார்கள்; என்ன செய்ய?"

அப்பா ஏதோ சொல்லப் போனார். அவர் கேட்கவில்லை.

"துரையிடம் உங்கள் வீட்டில் சாவு என்று சொல்லிவிட்டேன். யார் என்று அவர் கேட்பார் என நான் எண்ணவில்லை, கேட்டார். உங்கள் வீட்டில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர்தான். உங்கள் மைத்துனர் பெயர் வாயில் வந்துவிட்டது. உங்கள் வேலைக்கு ஒன்றும் வராது. அவருக்கென்று ஒதுக்கிய இடத்தைத் துரை மத்தியானமே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்." பெரிய பாபு கரி அறைக் கதவைப் பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பக்கம் கேட்கிறபடி குரலை உயர்த்திப் பேசினார். "என்னை மன்னிக்கச் சொல்லுங்கள். இந்த வீட்டிலிருந்து எங்கள் ஆபீஸ் எவ்வளவு தூரம்? தெருவில் யார் கண்ணிலாவது பட்டால் எனக்கும் வேலை போகும், உங்களுக்கும் போகும். இன்றைய ரயிலிலேயே ஏற்றிவிடுங்கள்."

கதவுக்குப் பின்னால் சத்தமே இல்லை. எந்நேரமும் பேசிக்கொண்டிருக்கிற மாமா இப்போது ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அம்மா அப்போதுதான் அழுதாள், சத்தமில்லாமல், தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு. காலையில் மாமியோடு அழுதாயிற்றே, இன்னும் என்ன என்று நினைத்தேன். கூட்டல் தெரிந்த அப்பா, எதையோ கூட்டிப் பார்த்து விடை வராதவரைப்போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு எல்லாம் வேடிக்கையாகவே இருந்தது. செத்துப்போன மாமா கரி அறையில் உட்கார்ந்திருக்கிறார். அதை ஒரு பெரிய மனுஷர் தெரிந்துகொண்டே தெரியாததுபோல் பேசுகிறார். சிரிப்பை அடக்க முடியாமல் வாசற்படிக்குப் போய் நின்றேன். வெளியே வந்த பெரிய பாபு என் முன்னால் குனிந்தார். அந்த ஊரில் சிறு பெண்ணைக் 'குக்கி' என்பார்கள்.

"குக்கி," என்றார், "உள்ளே போ. உன் மாமாவைப் போய்ப் பார்த்துக்கொள். நன்றாகப் பார்த்துக்கொள்."

கரி அறையில் இருக்கிற மாமாவை அவசரமாகப் போய் என்ன பார்ப்பது, நாளைக்குப் பார்த்தால் ஆகாதா என்று நினைத்துக்கொண்டு, நான் சந்துக்கு விளையாட ஓடிவிட்டேன்.